வெள்ளையை எங்கே அடிக்காமல் விடுவது

கருப்புப் பலகைமேல் வெள்ளை ஹெல்மெட். காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் ஸ்டென்சில் (வடிவம் வெட்டிய தாள்) வைத்துப் பழகுகிறவர்கள் ஆரம்பத்திலேயே கைவைக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று. வடிவம் எளிது, நிறம் இரண்டுதான், விளிம்பை ஸ்டென்சில் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இறங்குகிறார்கள். முடிந்ததும் பார்த்தால் கருப்பு அட்டைமேல் வெள்ளைக் காகிதத்தை ஹெல்மெட் வடிவில் கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கிறது. நிழல் போட்டிருக்கிறது, முகத்தை மூடும் வைசர் கண்ணாடி இருக்கிறது, திருகுகூட இருக்கிறது. ஆனால் உருண்டை வரவில்லை. கேட்டால், கைப்பழக்கம் போதவில்லை, இன்னும் நூறு கோடு இழுத்துப் பழக வேண்டும் என்று பதில் வரும். அந்தப் பதில் எனக்கு ஒத்துவரவே இல்லை. நன்றாகப் பழகிய கைகளிலிருந்தும் இதே தட்டைப் படம் வருகிறது. கோளாறு வேலையின் வரிசையில் இருக்கிறது: ஸ்டென்சிலை ஒட்டி, உள்ளே முழுக்க வெள்ளையை நிரப்பி, அதன்மேல் கருப்பால் நிழல் போடும் வரிசை.

அந்த வரிசை இரண்டு தவறுகளை ஒரே நேரத்தில் செய்துவிடுகிறது. முதலாவது, முழு வெள்ளையை ஆரம்பத்திலேயே செலவழித்துவிடுகிறது. பளபளப்பான ஹெல்மெட்டில் விளக்கு பட்டுத் தெறிக்கும் புள்ளி ஒன்று உண்டு. படத்தில் எல்லாவற்றையும்விட வெளிச்சமான இடம் அதுதான். ஓடு முழுக்க அதே வெள்ளையாக இருந்தால் அந்தப் புள்ளியை எதைக்கொண்டு வைப்பது? இரண்டாவது, சுற்றுக்கோடு முழுவதையும் ஒரே கூர்மையில் வெட்டிவிடுகிறது. ஒளி இடப்பக்க மேலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால் உச்சியின் விளிம்பு கத்திபோல் தெரியும். வலப்பக்கப் பிடரியும் தாடைக்கு அடிப்பகுதியும் இருட்டுக்குள் கரைந்துபோக வேண்டும். ஸ்டென்சிலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. அது போகிற வழியெல்லாம் வெட்டிக்கொண்டே போகும்.

கருப்பை 0, வெள்ளையை 10 என்று வைத்து ஒரு சாம்பல் படிநிலைப் பட்டையைத் தனி அட்டையில் அடித்து வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி ஒரு நிஜ ஹெல்மெட்டின் படத்தோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கிவிடும். ஓட்டின் பெரும்பகுதி 5-க்கும் 7-க்கும் இடையில் நிற்கிறது. ஒளி நேராக விழும் நெற்றிப் பகுதி 8 அல்லது 9. 10 என்பது தெறிப்புப் புள்ளிக்கும் ஓரிரு விளிம்புக் கீற்றுகளுக்கும் மட்டும். சுற்றிலும் கருப்பு இருப்பதால் 6-ஆம் படிச் சாம்பலே கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் என்பது நமக்குச் சாதகம். அந்தச் சாம்பலை வெள்ளைத்தாளில் அடித்துப் பார்த்தால் அழுக்காகத் தெரியும். ஆகவே நிறச் சோதனையை எப்போதும் படத்தின் அதே கருப்பு அடித்த துண்டில்தான் செய்ய வேண்டும்.

பலகையும் கருப்பும்

பலகை எதுவானாலும் சரி, அலுமினியத் தகடோ ஹார்ட்போர்டோ கனமான தாளோ. கருப்பு மட்டும் மங்கலாக, மேடுபள்ளம் இல்லாமல், முழுசாகக் காய்ந்து இருக்க வேண்டும். தகடென்றால் பிரைமரை 600 அல்லது 800 எண் உப்புத்தாளால் தண்ணீர்விட்டுத் தேய்த்து, துடைத்து, அதன்மேல் கருப்பை மூன்று நான்கு மெல்லிய பூச்சாக ஏற்றலாம். நீர்சார் அக்ரிலிக் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும்; உள்ளே காயாது. ஹேர் டிரையரால் சூடு காட்டிவிட்டு ஒரு நாள் விடுங்கள். அவசரப்பட்டு ஒட்டும் ஃபிலிமை வைத்தால், உரிக்கும்போது கருப்பும் சேர்ந்து உரிந்து வரும். பிசின் வலுவாக இருந்தால், ஒட்டுவதற்கு முன் ஒருமுறை சுத்தமான பருத்தித் துணியில் ஒட்டி எடுத்தால் அதன் பிடி குறையும்.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே செய்துவிட வேண்டும். கலந்த அதே கருப்பில் 30 மில்லியாவது மூடிபோட்ட புட்டியில் எடுத்துவையுங்கள். அடிக்கும்போது பறக்கும் வெள்ளைத் தூள் சிதறிய இடங்களைக் கடைசியில் மூட அது வேண்டும். கருப்பில் என்ன வித்தியாசம் வந்துவிடப்போகிறது என்று தோன்றும். ஒரு கருப்பு நீலம் தட்டும், இன்னொன்று பழுப்பு தட்டும். மேலே கிளியர் என்ற நிறமற்ற கடைசிப் பூச்சு ஏறியதும் திருத்திய இடமெல்லாம் திட்டுத்திட்டாகத் தெரியும்.

சட்டமும் துண்டும்

ஸ்டென்சிலுக்கு மைலார் என்ற பாலியெஸ்டர் பிளாஸ்டிக் தாள் நல்லது. 125 மைக்ரான் கனமுள்ளது கத்திக்கு எளிதில் வெட்டுப்படும், வளைவில் படியும். 190 மைக்ரான் விறைப்பாக நிற்கும், பலமுறை பயன்படும். ஒரே படத்துக்கென்றால் நான் 125-ஐத்தான் சொல்வேன். சாதாரணக் காகிதம் இரண்டாவது பூச்சிலேயே ஈரம் குடித்து விளிம்பில் சுருண்டுவிடும், அந்த இடைவெளியில் வெள்ளை புகுந்துவிடும். புதிய பிளேடு போட்டு, கண்ணாடிமேல் வைத்து, கையை நிறுத்திக்கொண்டு தாளைத் திருப்பி வெட்டினால் வளைவு முறியாமல் வரும்.

வெட்டியதும் உள்ளே விழும் துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெளிச் சட்டம் ஹெல்மெட்டை அடிப்பதற்கு. அந்தத் துண்டு ஹெல்மெட்டை மூடிக்கொண்டு பின்னணியை அடிப்பதற்கு. இரண்டும் ஒரே வெட்டில் பிறந்தவை என்பதால் இம்மி பிசகாமல் பொருந்தும். இதுபோல் ஓட்டின் சுற்றுக்கோடு, வைசர் திறப்பு, தாடையிலும் உச்சியிலும் உள்ள காற்றுத் துளைகள், அடிவிளிம்பு ரப்பர் பட்டை என்று நான்கு ஜோடி போதும். எல்லாவற்றையும் ஒரே தாளில் வெட்டி, துண்டுகள் விழாமல் நடுவே வெட்டாத பாலங்கள் விட்டு ஒட்டவைப்பது விளம்பர எழுத்துக்குச் சரி. இங்கே அந்தப் பாலங்கள் ஒவ்வொன்றும் பின்னால் கையால் மூட வேண்டிய தழும்பாகிவிடும். நான்கு தாள்களையும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைக்க, எல்லாவற்றுக்கும் பொதுவாக எதிரெதிர் மூலைகளில் இரண்டு சிலுவைக் குறிகளை வெட்டி, பலகையில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பின்மேல் அதே குறிகளைப் பென்சிலால் போட்டுவிடுங்கள்.

சட்டத்துக்கு வெளியே பலகை முழுவதையும் காகிதத்தால் மூட வேண்டும், ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் மூடினால் போதாது. வெள்ளைக் காகிதத்தில் கருப்புத் தூள் விழுந்தால் லேசில் தெரியாது. கருப்பில் வெள்ளைத் தூள் விழுந்தால் பனிமூட்டமாகத் தெரியும்.

வெள்ளைப் பெயின்ட்டின் குணம்

மூடும் வெள்ளைக்கு டைட்டானியம் டையாக்ஸைடுதான் நிறமி. அதில் ரூட்டைல் என்ற படிக வகையின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 2.7, அதைத் தாங்கி நிற்கும் அக்ரிலிக் பிசினுக்கு 1.5 அளவில்தான். இந்தப் பெரிய வித்தியாசத்தால்தான் அது ஒளியைச் சிதறடித்து அடியில் உள்ளதை மறைக்கிறது. மறைப்பதற்கு நிறமி நிறைய வேண்டும் என்பதால் வெள்ளைப் புட்டி மற்ற நிறங்களைவிடக் கெட்டியாக இருக்கும், அடியில் படியும், ஊசி முனையில் சீக்கிரம் காய்ந்து ஒட்டும். நன்றாகக் குலுக்கி, நைலான் வலையில் வடிகட்டி, பெயின்ட்டை நீர்க்கவைக்கும் ரெட்யூசர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். தயாரிப்பைப் பொறுத்து அளவு மாறும். ஒன்றுக்கு ஒன்றில் தொடங்கிப் பார்க்கலாம். 0.3 அல்லது 0.35 மி.மீ. நாசில், 18 முதல் 22 பி.எஸ்.ஐ. அழுத்தம், பலகையிலிருந்து 8 முதல் 10 செ.மீ. தூரம். ஊசி முனையில் வெள்ளை மணி கட்டுவது தெரிந்ததும் ரெட்யூசரில் நனைத்த மென்தூரிகையால் துடைத்துவிட வேண்டும். விட்டால் அது ஒரு கணத்தில் பிய்ந்து படத்தின்மேல் சொட்டாக விழும். அடிக்க அடிக்கச் சொரசொரப்பாக, மணல் தூவியதுபோல் விழுகிறதென்றால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்துகொண்டிருக்கிறது. தூரத்தைக் குறையுங்கள், அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், தாமதமாகக் காயவைக்கும் ரிடார்டர் ஓரிரு சொட்டு சேருங்கள்.

இனி எல்லாரும் குறைசொல்லும் நீலம். கருப்பின்மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு விழுந்தால் அது சாம்பலாகத் தெரியாமல் நீலச் சாம்பலாகத் தெரியும். பெயின்ட்டில் கலப்படம் ஏதுமில்லை. நுண்ணிய வெள்ளைத் துகள்கள் குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளியை அதிகம் சிதறடித்து நம் பக்கம் திருப்புகின்றன. சிவப்பும் மஞ்சளும் பூச்சைக் கடந்து உள்ளே போய்க் கருப்பில் மாட்டிக்கொள்கின்றன. ஊதுவத்திப் புகை இருட்டான சுவருக்கு முன்னால் நீலமாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். இதைச் சமாளிக்க வழக்கமாகச் சொல்லப்படும் வழி, முதல் பூச்சுகளின் வெள்ளையில் 20 சொட்டுக்கு 1 சொட்டு மஞ்சள் காவி சேர்ப்பது. வெளிச்சம் படும் பக்கத்துக்கு இது சரியான மருந்து. நிழல் பக்கத்துக்கும் அதே மருந்தைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளைப் பொருளின் நிழல் பக்கம் குளிர்ந்த சாம்பலாக இருந்தால்தான் வெளிச்சப் பக்கம் வெதுவெதுப்பாகத் தெரியும். அந்தக் குளிர்ச்சி தானாகவே, இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் போய் எதற்காகக் கொல்ல வேண்டும்? ஒளிப்பக்கத்தில் காவி கலந்த வெள்ளை, நிழல் பக்கத்தில் எதுவும் கலக்காத மெல்லிய வெள்ளை. கருப்பை வெள்ளையோடு கிண்ணத்தில் கலந்து சாம்பல் செய்ய வேண்டிய தேவையே வராது. அப்படிக் கலந்த சாம்பல் படத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் செத்துக் கிடக்கும்.

சட்டத்தை எப்போது தூக்குவது

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சட்டத்தை ஒட்டியாயிற்று. முதல் பூச்சை இடப்பக்க மேல் விளிம்பில் தொடங்குங்கள். ஏர்பிரஷ் பலகைக்குச் செங்குத்தாக இருக்கலாம். சாய்வதென்றால் காற்று சட்டத்தின் மேலிருந்து திறப்பை நோக்கி வீசும்படி சாய வேண்டும். திறப்பின் உள்ளிருந்து விளிம்பை நோக்கி அடித்தால் காற்று மைலாரைத் தூக்கும், பெயின்ட் அடியில் புகும். விளிம்பை ஒட்டிய இரண்டு விரல் அகலத்தில் அடர்த்தி, நடுவயிற்றுக்கு வரும்போது பாதி, வலப்பக்கம் நெருங்கும்போது டிரிகரை விட்டுவிடுவது. ஒவ்வொரு பூச்சும் ஈரமாகப் பளபளக்காத அளவுக்கு மெலிசாக இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டுப் பூச்சில் உச்சி 7-ஆம் படிக்கு வரும். இதையே இரண்டு பூச்சில் கொண்டுவந்தால் வெட்டுவிளிம்பில் பெயின்ட் கரைகட்டி நின்று, கிளியருக்குப் பிறகும் விரலில் தட்டுப்படும் மேடாகிவிடும்.

வலப்பக்கப் பிடரி விளிம்பையும் தாடையின் அடியையும் இந்தச் சட்டத்தோடு தொடவே வேண்டாம். ஒரு துளிகூட. மனம் கேட்காது. பாதி ஹெல்மெட் காணாமல் இருப்பதுபோல் தெரியும், ஸ்டென்சில் அங்கே வெட்டித்தானே இருக்கிறது, லேசாக ஒரு கோடு போட்டால் என்ன என்று கை போகும். அந்த லேசான கோடுதான் படத்தைக் காகிதப் பொம்மையாக்குகிறது. காணாமல் போனதாகத் தோன்றுவதற்குக் காரணம் நம் கண் மைலாரின் வெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது. வெட்டு கண்ணில் இருக்கும்வரை எது வெளிச்சம், எது வெறும் தாள் விளிம்பு என்று யாராலும் பிரிக்க முடியாது.

அதனால் சட்டத்தை முன்கூட்டியே தூக்குங்கள். வேலை முடிந்ததும் உரிக்கலாம் என்று காத்திருப்பதுதான் பரவலான பழக்கம். உச்சி 7-க்கு வந்ததும், வைசர்கூடத் தொடங்குவதற்கு முன்னால், சட்டத்தையும் சுற்றியுள்ள காகிதத்தையும் எடுத்துவிட்டு நான்கு அடி தள்ளி நின்று பாருங்கள். இடப்பக்கம் மட்டும் வெளிச்சம் வாங்கிய ஒரு உருண்டை இருட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கும். அடிக்காமல் விட்ட வலப்பக்கத்தைக் கண் தானே முடித்துக்கொள்ளும். கருப்புக்கும் ஹெல்மெட்டுக்கும் அந்தப் பக்கம் எல்லையே இல்லை என்பதே வேலையில் பாதி முடிந்துவிட்டது என்று சொல்லும். இங்கே சட்டத்தைத் தூக்காமல் தொடர்ந்தால், நிழல் பக்கத்துக்குத் தேவையே இல்லாத வெள்ளையை எல்லாரும் ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றிய வெள்ளையைப் பிறகு கருப்பால் இறக்கினால் அந்தக் குளிர்ந்த நீலச் சாம்பல் திரும்ப வராது. புகை படிந்த பழுப்புதான் வரும்.

உரிக்கும்போது தாளை மேல்நோக்கி இழுக்காமல், பின்னால் மடக்கி பலகையோடு ஒட்டினாற்போல் மெதுவாக இழுத்தால் விளிம்பு பிய்யாது. பார்த்துவிட்டுச் சிலுவைக் குறிகளில் சட்டத்தைத் திரும்ப வைக்கலாம். இந்த முறை ஒட்டாமல், டேப்பை உருட்டிச் செய்த சிறு உருண்டைகளை அடியில் கொடுத்து, வலப்பக்கத்தில் 3 முதல் 5 மி.மீ. தூக்கி நிறுத்துங்கள். இடப்பக்கம் பலகையில் படிந்தே இருக்கட்டும். மெல்லிய வெள்ளையை, ஒரு பங்கு பெயின்ட்டுக்கு மூன்று பங்கு ரெட்யூசர், 12 பி.எஸ்.ஐ.-யில் ஒரே ஒரு ஓட்டம், விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி. தூக்கிய சட்டத்தின் நிழல் விழுவதுபோல மங்கலான ஓரம் ஒன்று வரும். பிடரியின் வளைவைச் சொல்ல அவ்வளவு போதும்.

வைசரும் துளைகளும்

கருப்புப் பின்னணியில் கருப்பு வைசர். இங்கே பயப்பட ஒன்றுமில்லை, ஓடு சுற்றிலும் நிற்பதால் வைசர் தனியாகத் தெரிந்துவிடும். வைசர் இருக்கும் பகுதியை முதலிலிருந்தே அதன் துண்டால் மூடிவைத்தால் அடியில் உள்ள கருப்பு அப்படியே கிடைக்கும். துண்டை எடுத்ததும் திறப்பின் விளிம்பு தாள்போல் மெலிசாகத் தெரியும். நிஜ ஹெல்மெட்டில் ஓட்டுக்குக் கனம் உண்டு. அந்தக் கனத்தைக் கொடுக்க ஒரே ஸ்டென்சிலை நகர்த்தினால் போதும். வைசர் துண்டைத் திரும்ப வைத்து, 1.5 மி.மீ. மேலே தள்ளுங்கள், கீழ் விளிம்பில் கருப்பாகத் திறந்த மெல்லிய கீற்றில் மட்டும் வெள்ளையை ஒரு ஓட்டம் விட்டால் வெளிச்சம் வாங்கிய உதடு வந்துவிடும். மேல் விளிம்பில் ஓட்டின் அடிப்பகுதி நம் கண்ணுக்கு நிழலாகத் தெரியும் என்பதால் அங்கே வெள்ளை கூடாது. மேலே ஒளி இருக்கும்போது காற்றுத் துளைகளுக்கும் இதே கணக்கு: மேல் உள்விளிம்பு இருட்டு, கீழ் உதடு வெளிச்சம். இது தலைகீழானால் துளை புடைப்பாகத் தெரியும்.

வைசர் கண்ணாடியில் ஓர் ஒளிப்பட்டை வேண்டும். ஓட்டின் வளைவுக்கு இணையாக, ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் கரைசல். வளைந்த ஷீல்டை, அதாவது கையில் பிடிக்கும் மறைப்புத் தகட்டை, ஒரு பக்கம் பிடித்து அடித்தால் இரண்டும் ஒரே ஓட்டத்தில் கிடைக்கும். அது 4-ஆம் படிக்கு மேல் போகக் கூடாது.

தவறுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். சிலந்திக்கால்போல் பெயின்ட் ஓடினால் மிக நெருக்கத்திலிருந்து அதிகமாக விட்டிருக்கிறோம். வட்டவட்டமாகக் குழி விழுந்தால் கை எண்ணெய் அல்லது காற்றில் ஈரம். கம்ப்ரஸருக்கு ஈரப்பொறி இருக்க வேண்டும், பலகையை வெறுங்கையால் தொடக் கூடாது. ஸ்டென்சிலில் காய்ந்த வெள்ளை செதிலாக உதிர்ந்து கருப்பில் விழுந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதைத் துடைக்கவில்லை என்று அர்த்தம். மைலார் நிலைமின்சாரத்தால் தூசியை இழுக்கும். லேசாக நனைத்த துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். நீர்சார் பெயின்டானாலும் வடிகட்டிமுகமூடி வேண்டும். இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் யூரித்தேன் கிளியரில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கும். அதற்குச் சாதாரணத் தூசிமுகமூடி எந்த விதத்திலும் போதாது.

எல்லாம் முடிந்தபின் ஹெல்மெட் துண்டை அதன் இடத்தில் வைத்து, எடுத்துவைத்த கருப்பால் பின்னணியில் சிதறிய தூளை மூடலாம். இடப்பக்க மேல் விளிம்பு இப்போது இன்னும் கூர்மையாகும். வலப்பக்கத்துக்கு மட்டும் துண்டை எடுத்துவிட்டு, அதே கருப்பை நன்றாக நீர்க்கவைத்துப் பிடரிமேல் கொஞ்சம் ஏறும்படி விடுங்கள்.

தெறிப்புப் புள்ளி கடைசி. 0.2 மி.மீ. ஊசி, 10 பி.எஸ்.ஐ., கலப்பில்லாத வெள்ளை, பலகைக்கு 1 செ.மீ. பக்கத்தில். நடுவில் சின்னதாக ஒரு அடர்ந்த புள்ளி, அதைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம். வட்டத்தை முதலில் போட்டுப் புள்ளியைப் பிறகு வைத்தால் அளவு கைக்குள் நிற்கும். உச்சியில் ஒன்று, தாடை வளைவில் அதில் பாதியாக ஒன்று. மூன்றாவது வேண்டாம்.

கிளியர் அடிப்பதற்கு முன் ஒரு சோதனை பாக்கி. கிளியர் ஏறியதும் மங்கல் கருப்பு ஆழமாகும், மெல்லிய வெள்ளைப் பூச்சு கண்ணுக்கு இன்னும் மெலியும், ஏனென்றால் துகள்களுக்கு இடையில் இருந்த காற்றின் இடத்தைப் பிசின் பிடித்துக்கொள்கிறது. நீர்சார் பெயின்ட் நன்றாக இறுகிய பிறகு சுத்தமான தண்ணீரைப் புகைபோலத் தெளித்துப் பார்த்தால் கிளியருக்குப் பின் எப்படி இருக்கும் என்பது அப்போதே தெரியும். ஈரத்தில் அந்த வலப்பக்க ஓரம் முற்றிலும் மறைந்துபோனால், காயவிட்டு, சட்டத்தை மறுபடி 3 மி.மீ. தூக்கிவைத்து, மெல்லிய வெள்ளையில் இன்னும் ஒரு ஓட்டம். ஈரத்தில் மங்கலாகவேனும் தெரிந்தால் அதைத் தொடாமல் கிளியருக்குப் போகலாம்.